இலை வந்தால் இருங்கோ

காலி வீதி பஸ்ஸில் என் மடியில் ஒரு உருண்டை கிடந்தது. பேப்பர் தாளில் சுற்றியது. தேங்காயைவிடச் சின்னன், பாரம் மட்டும் தேங்காயைவிடக் கூட. மண்ணிறச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இலையுமில்லை, வேருமில்லை. அடியில் ஒரு வெட்டு. அந்த வெட்டு மட்டும் பச்சையாக, ஈரமாக, பேப்பரை நனைத்து என் சேலையையும் நனைத்துக்கொண்டிருந்தது.

அது ஒரு சைக்கஸ் கன்று. பனையைப் போலச் சீப்புச் சீப்பாய் ஓலை விரிக்கும் ஒரு செடி, ஆனால் பனையல்ல. சிங்களத்தில் மடு. சண்டை நடந்த அந்த வருடங்களில், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்திருக்கும் ஒருத்தி, இந்த உருவத்தில் ஒரு பொருளை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பைக் குறுக்கே கடக்கலாமா என்று யோசிக்க எனக்குப் புறக்கோட்டை தாண்டிய பிறகுதான் நேரம் வந்தது. நான் அப்படித்தான். முதலில் எழும்புவேன், பிறகுதான் எங்கே போகிறேன் என்று பார்ப்பேன்.

தந்தவள் என் கந்தோர்த் தோழி. கொட்டாஞ்சேனைக்காரி. எங்கள் இரண்டு மேசையும் ஒட்டி இருந்தன. நான் காலாட்டினால் அவளுடைய டைப்ரைட்டர் நடுங்கும்.

"அடியே, காலை ஆட்டாத. ஒரு எழுத்துக்கு ரெண்டு எழுத்து விழுது."

"நான் ஆட்டேல்லை. அது தானா ஆடுது."

"ஒனக்கு ஒரு மரம் தாரேன். வருஷத்துக்கு ஒருக்காதான் அசையும். அதப் பாத்தாவது அடங்கு."

அவள் வீட்டு முற்றத்தில் அந்தத் தாய்ச்செடி நின்றது. நல்ல உயரம், ஆனால் முழுதாக ஓலையோடு யாரும் அதைப் பார்த்ததில்லை. மாதா கோயில் திருநாள் என்றால் சுருபத்தைச் சோடிக்க ஓலை வெட்டுவார்கள். தெருவில் சாவு விழுந்தால் மலர்வளையத்துக்கு வெட்டுவார்கள். "எங்க தெருவுல ஒருத்தரும் சாகாம ஒரு வருஷம் இருந்தாத்தான் இது நெறஞ்சு நிக்கும்" என்றாள். அடியில் முளைத்திருந்த கன்றை அலவாங்கால் நெம்பி, வாளால் அறுத்து, இருந்த நாலு ஓலையையும் கத்தியால் வழித்தாள். வேரில்லாத கன்றில் இலையை விட்டால் இலை குடித்தே அது செத்துப்போகுமாம். மொட்டையடித்தால் பிழைக்கும்.

"நிழல்ல, காத்து படுற எடத்துல ஒரு கெழம வை. ரெண்டு கெழமன்னா இன்னும் நல்லது. வெட்டு காஞ்சு தோல் மாதிரி ஆவும். அதுக்கப்புறம்தான் மண்ணு. காயாம வச்சே, அழுகிப் போயிரும். வச்சப்புறம் தண்ணியும் ஊத்தாத. சும்மா வுட்டுரு. வெளங்குதா? சும்மா."

சும்மா. எனக்குத் தெரியாத ஒரே வேலை.

வெள்ளவத்தைக்குள் நுழையுமுன், கால்வாய்ப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி, பையோடு நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அன்றாடம் செய்வதுதான். அன்று என் பையில் அரிசியில்லை, புத்தகமில்லை. சீருடைப் பெண் பேப்பரோடு சேர்த்துத் தடவினாள். தடவிய கை நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போனது.

"மொகத மே?"

இது என்ன என்கிறாள். எனக்குப் பின்னால் வரிசை சத்தமில்லாமல் நீண்டது; ஆட்கள் ஒரு அடி, இரண்டு அடி பின்வாங்கினால் வரிசை நீளும்தானே.

"மடு கஹக்" என்றேன். மடு மரம்.

"கொல கோ?" இலை எங்கே?

மொட்டையடித்த கதையை என் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? கையைத் தலைமேல் வைத்து நெற்றியிலிருந்து பிடரி வரை வழித்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். போ என்று புறங்கையை அசைத்தாள். பஸ்ஸில் திரும்ப ஏறியபோது என் பக்கத்து இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை. வெள்ளவத்தை வரை இரண்டு இருக்கையும் எனக்கு.

பயம் அப்போது வரவில்லை. வீட்டுப் படியேறும்போது வந்தது.

வீடு என்பது கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி. வெளியால் ஏறும் படிக்கட்டு. கீழே வீட்டுக்கார அன்ரி. யாழ்ப்பாணத்து மனுசி, புருஷன் இல்லை, பெடியள் இரண்டும் லண்டனில். எங்களை உள்ளே எடுத்த அன்றே சொன்னவ: "நான் வாடகையைப் பாத்து ஆக்களை வைக்கிறேல்லை. பிரச்சினை ஒண்டும் வரக்கூடாது. வந்தா அண்டைக்கே வெளியால." அதற்கு முன்னால் நாங்கள் அலைந்த அலைச்சல்! தொலைபேசியில் வீடு இருக்கும். நேரே போய்ப் பெயரைச் சொன்னால் நேற்றே போய்விட்டிருக்கும். ஒருவழியாக இந்த விலாசத்தில் பொலிஸ் பதிவும் கிடைத்திருந்தது. இந்த வீடு போனால் பதிவும் போகும். பதிவில்லாமல் ஒரு இரவு கொழும்பில் படுப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

என்னவர் பேப்பரைப் பிரித்துப் பார்த்தார்.

"இஞ்சேரும், உது என்ன?"

"சைக்கஸ்."

"கைக்குண்டேதான், பின் மட்டும் காணேல்லை. கழட்டிப்போட்டோ கொண்டுவந்தனீர்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தோம். நிலத்துக்குக் கீழே அன்ரியின் காதுகள்.

காயவிட வேண்டும். நிழல், காற்று, ஒரு கிழமை. கேட்க எவ்வளவு லேசு. முதலில் அலுமாரிக்கு மேலே வைத்தேன். தேடி வருகிறவன் முதலில் கைவைப்பது அலுமாரிக்கு மேலேதான். கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், இரண்டாவது அங்கேதான். குசினியில் வெங்காயக் கூடைக்குள், கருணைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே அது கிழங்கோடு கிழங்காய், அப்பாவியாய் இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது கூடையைப் பார்த்தேன். கிழங்கு என்று நினைத்துத் தூக்குகிற ஒருவன், இது கிழங்கில்லை என்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு நொடி. மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைப்பானே! சோற்றை வடிக்குமுன் எடுத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தேன். சாப்பிட்ட கையோடு திரும்பவும் அலுமாரி.

"இஞ்சேரும், நீர் அதை ஒரு இடத்தில விடும்" என்றார் அவர். "அது காயிறதுக்குள்ள நான் காய்ஞ்சு போயிடுவன்."

அந்தக் கிழமையே நகரத்துக்குள் ஒரு குண்டு வெடித்தது. எங்கே என்று ரேடியோ சொல்ல முன்னமே ஒழுங்கையில் கடைக் கதவுகள் விழுந்த சத்தம் சொல்லிவிட்டது. குண்டு எங்கே வெடித்தாலும் அடுத்த தேடுதல் வெள்ளவத்தையில். அது மழைக்குப் பிறகு ஈசல் வருவது போல.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலையில்லாத உருண்டைதானே ஆபத்து. மண்ணுக்குள் பாதி புதைந்து சாடியில் நின்றால் அது செடி. யார் செடியைப் பிடித்துக்கொண்டு போவார்கள்? தோழி சொன்ன ஒரு கிழமையில் பாதிகூட முடியவில்லை. வெட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் பசை ஒட்டியது. ஒட்டட்டும்.

சாடி இருந்தது, மணல் இல்லை. சைக்கஸுக்குத் தண்ணீர் நிற்காத மண் வேண்டும்.

"ஆமி சென்ட்ரியில மூட்டை மூட்டையா அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். போய் ஒரு மூட்டை கேட்டுப் பாருமன்" என்றார்.

தண்டவாளம் கடந்து கடற்கரைக்குப் போய் ஒரு வாளி மணல் அள்ளிவந்தேன். கடல் மணலில் உப்பு. உப்பு வேரை எரிக்கும். குளியலறையில் வைத்துக் கழுவினேன், கழுவினேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், திரும்பக் கழுவினேன். கீழேயிருந்து அன்ரி: "பிள்ளை, தாங்கித் தண்ணி முழுக்கப் போகுது! உடுப்போ தோய்க்கிறீர்?" "ஓம் அன்ரி!" சாடியின் துளைமேல் ஓட்டுத்துண்டு, அதன்மேல் சிரட்டைக்கரி, அதன்மேல் மணலும் கொஞ்சம் உரமண்ணும். கன்றை இருத்தி, மேல்பாதி வெளியே தெரிய மண்ணை அணைத்தேன். படிக்கட்டு முடிகிற மேல்தட்டில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாள் காலை ஊற்றினேன். பின்னேரமும் ஊற்றினேன். என்னால் அதற்குச் செய்யக்கூடியது வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் விடிந்தும் விடியாமலும் வந்தார்கள். ஒரு பொலிஸ் சார்ஜன்ட், இரண்டு ஆமிக்காரர். அட்டைகள், பதிவுத்துண்டு, அலுமாரி, கட்டில். வெங்காயக் கூடையை ஒருவன் பூட்ஸ் முனையால் கவிழ்த்தான், வெங்காயம் உருண்டது. எல்லாம் முடிந்து இறங்கும்போது சார்ஜன்ட் சாடிக்கு முன்னால் நின்றான்.

ஒரு மொட்டை உருண்டை. பாதி புதைத்து. சுற்றிவரப் புதிதாய்க் கிளறிய ஈர மண். அதை மறைக்க நான் செய்த வேலையே அதைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு ஆமிக்காரன் இரும்புக் கம்பியைச் சாடிக்குள் இறக்கினான். கம்பி ஓட்டில் பட்டுக் கிணுங்கியது. சார்ஜன்ட் ஒரு அடி தள்ளிநின்று, எடு என்று எனக்குக் கையைக் காட்டினான். தங்களுடைய கையால் அல்ல. என் கையால். படிக்கட்டின் நடுவில் அன்ரி, தலைமயிர் கட்டாமல், ஹவுஸ்கோட்டைக் கழுத்தில் பொத்திப் பிடித்தபடி.

இழுத்தேன். மண் விட்டது. கூடவே ஒரு நாற்றம், நாட்பட்ட உருளைக்கிழங்கு சாக்கின் அடியில் கசியுமே, அது. வெட்டு இருந்த இடம் கபிலமாய்க் குழைந்து என் மணிக்கட்டு வழியாக வழிந்தது. சார்ஜன்ட் லேஞ்சியை மூக்கில் வைத்தான்.

"மே கஹக்த?" இது ஒரு மரமா?

"ஒவ் மஹத்தயா. கொல எனவா." ஓம் ஐயா, இலை வரும்.

"எஹெனங் கொல ஆவாம பலமு."

அப்படியென்றால் இலை வந்தபிறகு பார்ப்போம். ஆமிக்காரர் இருவரும் சிரித்தார்கள். சார்ஜன்டும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். அன்ரி சிரிக்கவில்லை.

"பிள்ளை, அவன் கடைசியா என்ன சொன்னவன்?"

"இலை வந்தாப்பிறகு பாப்பமாம். பகிடிக்கு, அன்ரி."

"பொலிஸ்காரன் ஆரோட பகிடி விட்டவன்? வருவான். வந்து எங்க இலை எண்டு கேப்பான்."

என்னவர் சொன்னார்: "அன்ரி, இதை இப்பவே கடலுக்கை எறிஞ்சிட்டு வாறன்."

"எறிஞ்சாப்பிறகு அவன் வந்து, எங்க அந்த மரம் எண்டு கேட்டா? இருந்தது இல்லாமப் போறதுதான் பெரிய பிரச்சினை. எல்லாம் படிச்ச ஆக்கள், இது விளங்கேல்லையோ?" ஒரு படி ஏறினா. "இஞ்ச பாரும். இலை வந்தா இருங்கோ. வராட்டி எனக்கு இந்தக் குண்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். வேற இடம் பாக்கத் தொடங்குங்கோ."

எங்கள் கூரை முழுவதும், அழுகிய ஒரு கிழங்கின்மேல் வந்து நின்றது.

வைத்த மண்ணிலிருந்து அவர்கள் அதை இழுக்கச் சொல்லாமல் விட்டிருந்தால், நான் நல்லபிள்ளையாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து அதை முழுக்க அழுகவைத்திருப்பேன். இது பிறகு தோன்றியது. அன்று எனக்குத் தெரிந்தது கத்தி மட்டும். அழுகலைச் சீவினேன். கபிலம் போய், மஞ்சள் போய், கடைசியில் தேங்காய்ச் சொட்டைப் போல வெள்ளை வந்தது. அங்கே நிறுத்தினேன். சிரட்டைக்கரியை இடித்துப் பூசினேன். அன்ரி கீழேயிருந்து மஞ்சள்தூள் டப்பாவோடு ஏறி வந்து, கேட்காமலே அதன்மேல் அப்பினா. காயமென்றால் மஞ்சள், அவவுக்கு அவ்வளவுதான்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? பொலிஸே பார்த்தாயிற்று. ஜன்னல் விளிம்பில், ஒழுங்கை முழுக்கப் பார்க்க, உருண்டையைத் தலைகீழாய்க் காயவைத்தேன். காய்ந்தது. வெட்டு இறுகி, செருப்புத் தோலாய் ஆனது. அதன் பிறகுதான் மண்.

"அடிப்பாவி, காயமுன்னாடியா வச்சே?" என்றாள் தோழி.

"இலை எப்ப வரும்? அதை மட்டும் சொல்லு."

"வர்றப்ப வரும். எங்க வீட்டுல ஒண்ணு ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே கெடந்துச்சு. செத்துப்போச்சுன்னு அப்பா தூக்கி வீச, வீசுன எடத்துல எல வுட்டுச்சு."

ஒரு வருடம்! அன்ரி ஒரு வருடம் பொறுப்பாவா? என்னவர் கல்கிசை வரை போய் வீடு பார்த்தார். ஹெவ்லொக் டவுனில் ஒரு வீடு பார்த்தார். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, சொந்த இடம் எது. இரண்டாவது கேள்வி வரவில்லை.

அதற்குள் நான் சும்மா இருக்கப் பழக வேண்டியிருந்தது, வீட்டைக் காப்பாற்ற. கை தண்ணீர்க் கோப்பைக்குப் போகும், மடக்கிக்கொள்வேன். மண்ணைக் கிண்டி வேர் வந்ததா என்று பார்க்க விரல் துடிக்கும், விரலைக் கடித்துக்கொள்வேன். எனக்கு அனுமதித்தது ஒன்றே ஒன்று: காலையில் கந்தோருக்குப் போகுமுன் பெருவிரலால் உச்சியை அழுத்துவது. இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. குழைந்தால் முடிந்தது. அழுத்துவேன். இறுக்கம். படியிறங்குவேன். அரைவாசிப் படியில் சந்தேகம் வரும், ஏறிப்போய்த் திரும்ப அழுத்துவேன். கீழே அன்ரி தலையை நீட்டுவா.

"என்ன பிள்ளை, ஒரு சத்தமும் இல்லையோ?"

"இல்லை அன்ரி."

"ம்."

அந்த 'ம்'மைக் கந்தோர் வரை தூக்கிக்கொண்டு போவேன். கால் ஆடும். டைப்ரைட்டர் நடுங்கும். தோழி என்னை ஒன்றும் சொல்லவில்லை அந்த மாதங்களில். ஒரு நாள் உச்சியில் பச்சை கண்டேன். கத்திக்கொண்டு கீழே ஓடினேன். அன்ரி கண்ணாடியோடு ஏறிவந்து குனிந்து பார்த்து, "இது பாசி" என்றா.

மழை வந்தது, போனது. தேடுதல் வந்தது, அந்த சார்ஜன்ட் இல்லை, எங்கள் படி ஏறவுமில்லை. திரும்ப வெயில். கடலிலிருந்து வரும் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிக்கொண்டிருந்தது, எல்லாமே ஏதோ ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, பெட்டியோடு ஆட்கள் விமான நிலையத்துக்கு, பெட்டியில்லாமல் ஆட்கள் எங்கேயோ. இது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது, எனக்கு எரிச்சல் வரும்வரை.

பிறகு ஒரு காலை பெருவிரலில் வேறொன்று பட்டது. மெத்தென்று. குழைந்துவிட்டது என்றே நினைத்தேன். குனிந்தேன். குழையவில்லை. உச்சிச் செதில்கள் விலகி, நடுவில் சாம்பல் நிறத்தில், பூனைக்காதின் உட்புறம் போல மயிரடர்ந்த முனைகள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

"அன்ரி!"

மூச்சிரைக்க ஏறிவந்தா. பார்த்தா.

"இது இலையோ?"

"இலையாகப் போறது."

"போறது போதாது, பிள்ளை."

முனைகள் நீண்டன. ஒரு வருடமாய் அசையாதது இப்போது காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் காட்டியது. ஓலைக்காம்பின் இருபுறமும் சின்ன இலைகள் கைக்கடிகாரச் சுருள்கம்பி போலச் சுருண்டு, வெளிர்பச்சையாய், விரல் பட்டால் நசியுமளவுக்கு மெத்தென. தோழி எச்சரித்தாள்: "இப்பதான் கவனம். எடத்த மாத்தாத. சாடியத் திருப்பவும் கூடாது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். நடுவுல மாத்துனே, கோணிப்போய் அப்படியே எறுகிரும். அப்புறம் நிமிராது."

ஒரு பின்னேரம் கந்தோரால் வந்து கேற்றைத் திறக்கிறேன், கேற்றடியில் சாடி. பக்கத்தில் கதிரை போட்டு அன்ரி.

"ஆர் அன்ரி இறக்கினது?"

"நான்தான். படிப் படியா வைச்சு வைச்சு இறக்கினனான். நாரி போட்டுது." இடுப்பைப் பிடித்துக் காட்டினா. "மேல இருந்தா அவன் மேல ஏறி வருவான். இஞ்ச எண்டா, வாசல்லயே நிண்டு பாத்திட்டு அப்படியே போயிடலாம்."

திரும்ப மேலே தூக்கினால் இன்னொரு கோணல். அங்கேயே விட்டோம். மேல்தட்டில் வானத்தைப் பார்த்து எழும்பத் தொடங்கிய ஓலைகள், இடுப்பில் ஒடிந்து, ஒழுங்கைப் பக்கம், கடல் வெளிச்சத்தின் பக்கம் ஒட்டுமொத்தமாய்ச் சாய்ந்தன. சுருள்கள் விரிந்தன. இறுகின. கூட்டமாய் ஆட்கள் ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பது போல ஒரு செடி.

அடுத்த தேடுதல் பின்னேரம் வந்தது. புது ஆட்கள். மீசை முளைக்காத ஒருவன் எங்கள் அட்டைகளை வாங்கி, பார்த்து, திருப்பித் தந்து, அடுத்த கேற்றுக்குப் போகத் திரும்பினான். செடியைப் பார்க்கவேயில்லை.

"மஹத்தயா!" அன்ரி கூப்பிட்டா. போகிறவனை யாராவது கூப்பிடுவார்களா? "மே பலன்ட. கொல ஆவா!" இதைப் பாருங்கோ, இலை வந்திட்டுது.

அவன் நின்றான். செடியைப் பார்த்தான், அன்ரியைப் பார்த்தான். அந்தக் கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது. வயதானவர்களிடம் சொல்வது போல, "லஸ்ஸனய், அம்மே" என்றான். வடிவாயிருக்கு அம்மா. போய்விட்டான்.

அன்ரி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான், அன்ரி."

"இதுக்கோ நான் நாரி முறிஞ்சனான்!"

நான் கேட்டேன். கேட்காமல் அன்று படியேற ஏலாது. "அன்ரி, அப்ப நாங்கள் இருக்கலாமோ?"

"இலை வந்தா இருங்கோ எண்டுதானே சொன்னனான். பின்னை? சொன்ன சொல்லை மாத்துற ஆள் மாதிரியோ தெரியுது?" கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா.

மேலே போய் என்னவரிடம் சொன்னேன். அவர் எழும்பி, கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியைத் திறந்து, கலியாணப் படத்தை எடுத்தார். கலியாணம் முடித்த நாள்முதல் எந்த வீட்டிலும் நாங்கள் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. அந்தப் படம் பெட்டிக்குப் பெட்டி படுத்தபடியே வந்தது. அன்று பக்கத்துக் கடையில் ஒரு ஆணி வாங்கிவந்தார். சுத்தியல் இல்லை, அம்மிக்குழவியைத் தூக்கினார்.

"எங்க?"

"இஞ்ச. இல்லை, கொஞ்சம் இடப்பக்கம். இல்லை, அங்கயே."

"ஒரு இடம் சொல்லுமப்பா!"

முதல் அடி விழுந்ததும் கீழேயிருந்து குரல். "என்ன சத்தமது?"

"ஆணி, அன்ரி!"

கடல் மட்டும் கேட்டது.

"எத்தினை?"

"ஒண்டுதான்."

"பழைய சுவர். பாத்து அடியுங்கோ."

அவர் அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து என் பாதத்தில் விழுந்தது. தட்டிவிடாமல், நின்ற இடத்திலேயே நின்று, ஆணி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.